தண்ணீர் கலக்காத கூலன்ட்

சொந்தமாகக் காரே இல்லாமல் ஒரு கட்டடத்துக் கார்கள் அத்தனைக்கும் அதிகாரியாக இருந்தவர் மொன்ட்ரியாலில் எங்கள் கூலன்ட் அண்ணை ஒருவர்தான். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்களுக்கு மேல்மாடி அவர். அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்கா டயாலிசிஸ் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. கட்டடத்துத் தமிழர்கள் முறைவைத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவோம். ஆகவே கார் எங்களுடையது, கவலை அவருடையது.

குளிர் தொடங்கியதும் அவர் பல்கனி ஆய்வுகூடமாகிவிடும். ஒயில் போத்தல்களை இரவு முழுக்க வெளியே வைத்து, காலையில் கவிழ்த்துப் பார்ப்பார். எது முதலில் ஓடுகிறதோ அதுதான் எங்கள் எஞ்சினுக்கு. ஒருமுறை நான் கண்ணாடி கழுவும் திரவம் மலிவாக வாங்கி வந்தேன்.

"மைனஸ் இருபதோ? இது ரொறொன்ரோக்காரருக்கு. எங்களுக்கு மைனஸ் நாற்பத்தஞ்சு வேணும்!"

இதிலெல்லாம் மனிதர் பிழை விட்டதே இல்லை. எஞ்சின் கொதிக்காமலும் உறையாமலும் காக்கிற கூலன்டில்தான் சறுக்கினார். அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கவேண்டும் என்றார்கள் விற்றவர்கள்.

"நல்ல சாமானுக்குத் தண்ணி விட நான் என்ன பால்காரனோ?"

உறைவது தண்ணீர்தானே என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியாகவே பட்டது; என் காருக்கும் அப்படியே ஊற்றவிட்டேன்.

தை மாதம், மைனஸ் முப்பது. அன்று என் முறை; அண்ணையும் கூட வந்தார். பாதி வழியில் ஹீற்றர் குளிர்காற்றை ஊதியது, எஞ்சினோ கொதித்தது. ஓரங்கட்டினேன். அண்ணை தன் கோட்டைக் கழற்றி அக்காவுக்குப் போர்த்திவிட்டு, டக்சி மறிக்க வீதியில் நின்றார்.

"இஞ்சருங்கோ, நீங்கள் விறைச்சுப் போனால் எனக்கு ஆர் சமைச்சுத் தாறது? உள்ளுக்கு ஏறுங்கோ!" என்று அக்கா கத்தினார்.

டக்சி கிடைத்துப் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தார்கள். நல்லவேளை, அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தண்ணீர் கலக்காத கூலன்ட்தான் கடுங்குளிரில் முதலில் கூழாகுமாம். கராஜில் கேட்டு வந்து சொன்னேன். அண்ணை கதவு கதவாகத் தட்டினார்.

"ஒருத்தரும் காரை எடுக்காதேங்கோ! எல்லாத்துக்கும் நான்தான் ஊத்தினனான்!"

அடுத்த குளிருக்கு அவர் என் கார்ப்பக்கமே வரவில்லை. நானே பொனற்றைத் திறந்துவைத்துக் கூப்பிட்டேன்.

"வாங்கோ அண்ணை, ஒருக்காப் பாருங்கோ."

"வேண்டாம் தம்பி. தெரிஞ்ச ஆளிட்டைக் காட்டும்."

"காட்டியாச்சு. நீங்களும் பாருங்கோ."

தயங்கித் தயங்கி வந்து குனிந்தார். அவர் பார்க்காத காரில் அக்காவை ஏற்ற எனக்குத்தான் பயமாக இருந்தது.