சோலைமுத்துவின் லைசென்ஸை ரத்து செய்த கதை

“அந்தச் சோலைமுத்து இனிமே ஒரு கோழிக்கூடு கூடக் கட்ட முடியாது. லைசென்ஸ ரத்து பண்ணிட்டுத்தான் மறுவேலை!”

வளைகுடாவில், சோஹார் வீட்டின் நடு ஹாலில் நின்று ரவிசங்கர் இப்படிச் சபதம் போட்டபோது, அவர் மனைவி சுசீலா சாமி அலமாரியில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். சபதத்தின் வேகத்தில் சுடர் ஒரு ஆட்டம் ஆடியது. அவள் கையை அணை கொடுத்துச் சுடரைக் காப்பாற்றிவிட்டு, “காபி போடட்டுமாங்க?” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய சபதங்களுக்கு அவளிடம் கிடைக்கும் பதில் அதுதான்.

விஷயம் இதுதான். சாத்தூர்ப் பக்கம் அவர்கள் கட்டிக்கொண்டிருந்த வீடு சுவர் எழும்பி, மேலே தளம் இல்லாமல் மொட்டையாக நின்றது. காண்டிராக்டர் சோலைமுத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போன் போட்டால் ‘ஸ்விட்ச் ஆஃப்’. தை மாதம் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. ஷார்ஜாவிலிருந்து மகன் ரிஷியும் கனடாவிலிருந்து மகள் ஷ்ருதியும் அந்த வாரத்துக்குத்தான் சேர்ந்தாற்போல் லீவு வாங்கியிருந்தார்கள். இரண்டு பிள்ளைகளையும் ஒரே கூரையின்கீழ் பார்க்க வேண்டும் என்பது சுசீலாவின் நெடுநாள் பிரார்த்தனை. முருகன் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டான். கூரையைத்தான் காணோம்.

சோலைமுத்து ஏன் போனார்? ரவிசங்கருக்குத் தெரியாது. சுசீலாவுக்குத் தெரியும். அவர் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பொய் சொல்வதில்லை என்று அவள் முருகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். கேட்காததையெல்லாம் சொல்வேன் என்று கொடுக்கவில்லை.

ரவிசங்கர் துறைமுகத்துக் கம்பெனி ஒன்றில் சேஃப்டி ஆபீசர். அவர் பெர்மிட் கொடுக்காமல் அங்கே ஒருவன் ஏணியில் கால் வைக்க முடியாது. வைத்தால் கால் இருக்கும், வேலை இருக்காது. அந்தச் சட்டத்தை அப்படியே சாத்தூருக்கும் ஏற்றுமதி செய்துவிட்டார் மனிதர். தினமும் விடிந்ததும் வாட்ஸ்அப்பில் வீடியோ கால். கொத்தனார், சித்தாள் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். இவர் இங்கே லுங்கியோடு சோபாவில் உட்கார்ந்து பாதுகாப்புச் சொற்பொழிவு ஆற்றுவார். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் அனுமதி. குழி தோண்ட அனுமதி, தோண்டிய குழியை எட்டிப் பார்க்க அனுமதி.

அதையெல்லாம் சோலைமுத்து பொறுத்துக்கொண்டார். சித்தாள்கள் தலையில் ஹெல்மெட் மாட்டச் சொன்னதில்தான் வந்தது வினை.

“சார், ஹெல்மெட் போட்டா சும்மாட எங்க வைக்க? சும்மாடு இல்லாம சாந்துச் சட்டி எப்பிடி நிக்கும்?”

“ஹெல்மெட்டுக்கு மேல வைங்க.”

வைத்தார்கள். ஹெல்மெட் வழுக்கை, சட்டி கனம். முதல் சட்டி சரிந்து கீழே நின்ற கொத்தனாரை இடுப்புவரை பூசிவிட்டது. அந்த விபத்தை விசாரித்து முடிக்கும்வரை வேலையை நிறுத்தச் சொன்னார் ரவிசங்கர். விசாரணை முடிந்தது. அதற்குள் கலந்து வைத்த கலவை மொத்தமும் கல்லாகிவிட்டது. சோலைமுத்து அந்தக் கல்லைப் பார்த்தார், போனைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டார். போய்விட்டார்.

இதையெல்லாம் சுசீலாவுக்குச் சொன்னது சோலைமுத்துவின் மனைவி விஜி. விஜிதான் படித்த எஞ்சினியர். லைசென்ஸும் அவள் பெயரில். நிலம் சுசீலா பெயரில் இருந்ததால், ஆரம்பத்திலிருந்தே இரண்டு பெண்களும் பேசிக்கொள்வது வழக்கம்.

“அக்கா, அவர நான் கூட்டிட்டு வந்துருவேன். ஆனா சாரு போனு வரப்படாது. வந்துச்சுன்னா இந்த மனுசன் காசிக்குப் போயிருவாரு.”

“போன் வராம இருக்க நான் என்ன தாயி பண்ணுவேன்?”

“சாருக்கு வேற ஏதாச்சும் வேல குடுங்கக்கா.”

அந்த வேலையை எங்கே தேடுவது என்று முருகனைக் கேட்டு விளக்கேற்றியபோதுதான், நடு ஹாலில் சபதம் கேட்டது. ஆண்டவன் இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லி அவள் பார்த்ததில்லை.

காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“லைசென்ஸ ரத்து பண்றது லேசுப்பட்ட காரியமாங்க?”

“லேசா? ஒவ்வொரு பாயிண்டா எழுதணும். சட்டம் படிக்கணும்.”

“அப்ப ஆபீஸ் வேலையும் பார்த்து, இதையும் பார்த்து, ஊருக்கு வேற போன் போட்டுக்கிட்டு…”

“ஊருக்கு எதுக்குப் போன்? ஓடிப்போனவன் தானா வந்து கால்ல விழணும். நான் இனி அந்த சைட்டுக்குப் போன் போட்டா என் பேரு ரவிசங்கர் இல்ல!”

சுசீலா மனதுக்குள் முருகனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

விஜிக்குத் தகவல் போனது; மறுநாளே சாத்தூரில் சாரம் கட்டினார்கள். சோஹாரில் புகார் கட்டினார் ரவிசங்கர்.

லைசென்ஸ் கொடுக்கும் ஊர் அலுவலகத்தின் பதிவை இணையத்தில் துழாவியதில் லைசென்ஸ் ‘விஜயலட்சுமி’ என்ற பெயரில் இருப்பதைக் கண்டுபிடித்து, புதையல் கிடைத்தவர்போல் குதித்தார். “ஆள்மாறாட்டம்! யாரோ ஒரு பொம்பள லைசென்ஸ வச்சுக்கிட்டு இவன் தொழில் பண்றான். மாட்டினான்!”

யார் அந்தப் பொம்பளை என்று சுசீலாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு, கம்பெனியில் தன்னோடு வேலை பார்க்கும் அஹ்சனைக் கேட்டார். அந்தப் பாகிஸ்தான்காரர் பாவம், நல்ல மனிதர். “ரவி பாய், முதல்ல வீட்ல பாபிய ஒரு வார்த்த கேளுங்க. கலாஸ், எல்லாம் முடிஞ்சிரும்” என்றாராம். “அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்!” என்று சொல்லிவிட்டு வந்ததாக ரவிசங்கரே வந்து சொன்னார். சுசீலா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

புகார் வளர்ந்தது, வீடும் வளர்ந்தது. அவர் முன்னுரையை முடித்த அன்று தளத்துக்குச் சென்ட்ரிங் பலகை அடித்தார்கள். அலுவலகத்திலிருந்து சந்தேகம் கேட்டு ஏதாவது வந்தால் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவார். அந்த இடைவெளியில் ஒரு அறை பூசி முடிந்துவிடும். வேகம் குறைவதுபோல் தெரிந்தால் சுசீலா காபியோடு போய் நிற்பாள்.

“ஏங்க, இந்தப் பாரா இன்னும் கொஞ்சம் காரமா இருக்கலாமோ?”

“அப்படிங்கற?”

“உங்க அளவுக்கு எனக்கு எழுத வராதுங்க. தோணினதச் சொன்னேன்.”

அது சத்தியமான வார்த்தை. அவளுக்கு எழுத வராது. அடித்துத் திருத்தி அவர் மறுபடி எழுத உட்கார்ந்தால் கக்கூஸுக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம்.

ஒரே ஒருநாள்தான் மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். தளம் போடும் நாள். விஜி வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தாள். சுசீலா போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்து, கீரையை ஆய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கலவை மெஷின் சத்தம் ஹாலுக்கே கேட்டுவிட்டது.

“என்ன சத்தம் அங்க?”

முருகா, பொய் சொல்ல வைக்காதே. அவள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளதைச் சொன்னாள்.

“ஊர்ல நம்ம வீட்டுக்குத் தளம் போடுறாங்க. அதப் பார்த்துக்கிட்டிருக்கேன்.”

 ஹாலிலிருந்து ஒரு பெரிய சிரிப்பு.

“எரிச்சல்ல இருக்கிறவன்கிட்ட கிண்டலா? உன் வாய் இருக்கே வாய்! படம் பாக்குறதுன்னா சத்தத்தக் கொறச்சு வச்சுப் பாரு.”

“சரிங்க” என்று சத்தத்தைக் குறைத்தாள். புருஷன் சொல் தட்டாதவள்.

மார்கழி பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, இங்கே விடுமுறை. சாப்பிட்டுவிட்டு ரவிசங்கர் கண் அயரும் நேரத்தில் வீடியோ கால் வந்தது. ஊர் அலுவலகத்து அதிகாரி. புகாரை விசாரிக்க நேரிலேயே வந்திருந்தார்.

ரவிசங்கர் லுங்கிக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “சுசீலா, இங்க வா! வேடிக்கையப் பாரு!”

சுசீலா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பின்னால் நின்றாள். 

“சார், கைவிடப்பட்ட கட்டடம்னு எழுதியிருக்கீங்க” என்றார் அதிகாரி.

“ஆமா சார். அநாதையா நிக்குது.”

“வாசல்ல கோலம் போட்டிருக்கே?”

போன் திரும்பியது. இளமஞ்சள் சுவர். தேக்கு நிலை. மாடிப்படிக்குக் கைப்பிடி. நடையில் ஒரு சித்தாள் உட்கார்ந்து தரையில் சிந்திய பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ “ஐயோ, சாரு!” என்று கத்தும் சத்தம். சோலைமுத்து ஓடிப்போய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து கும்பிட்டார்.

ரவிசங்கரின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது.

“அப்புறம் லைசென்ஸு” என்று அதிகாரி தொடர்ந்தார். “விஜயலட்சுமின்னு போட்டிருக்குன்னு எழுதியிருக்கீங்க. அது இவர் சம்சாரம் சார். முறையா படிச்சு வாங்கின லைசென்ஸ். இங்கதான் நிக்கிறாங்க. சம்சாரம் பேர்ல லைசென்ஸு, வீட்டுக்காரர் ஆளுகள மேய்க்கிறாரு. இதுல ஆள்மாறாட்டம் எங்க வந்துச்சு? இந்த இடம்கூட உங்க வீட்டம்மா பேர்லதான இருக்கு? அவங்களுக்காக நீங்க புகார் எழுதல?”

அதிகாரி வணக்கம் சொல்லிப் போனை வைத்தார். ரவிசங்கர் மெதுவாகத் திரும்பினார்.

“நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே, சுசீ.”

“சொன்னேனேங்க. தளம் போடுறாங்கன்னு. நீங்கதான் சிரிச்சீங்க.”

 அவர் போனில் பிடித்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். படியைப் பார்த்தார். கைப்பிடியின் உயரத்தை ஒரு சேஃப்டி ஆபீசரின் கண்ணோடு பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. கோபப்பட வேண்டிய முகம், எங்கேயோ வழி தவறிச் சிரிப்பில் போய் நின்றது.

“நல்லாத்தான் கட்டியிருக்கான், படவா” என்றார். “ரிஷிக்கும் ஷ்ருதிக்கும் சொல்லிடு. டிக்கெட்ட மாத்த வேண்டாம்.”

சுசீலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சாமி அலமாரிப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள். உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்ல ஆரம்பித்தாள்.

“ஏங்க, அந்த ஆபீசருக்கு மேல ஒரு பெரிய ஆபீசர் இருப்பாரில்ல? அவருக்கு ஒரு அப்பீல் எழுதுங்களேன். காம்பவுண்டுச் சுவர் மட்டும் இன்னும் பாக்கி இருக்கு.”