வால் பருத்த பட்டினி

பொண்டாட்டி பொற்கொடி பிறந்த ஊரான பாரூருக்குப் போகக் கூடாது. முனிவேல் முடிவு கட்டிவிட்டான்.

வெள்ளிக்கிழமை அவள் தங்கச்சிக்கு வளைகாப்பு. போனால் பத்து நாள் திரும்ப மாட்டாள். அந்தப் பத்து நாளும் யார் சோறு பொங்குவது, யார் யூனிஃபார்ம் துவைப்பது? அவள் அண்ணன் கல்யாணத்துக்கு ஓவர்டைம் என்று தட்டிக் கழித்தாயிற்று. பொங்கலுக்குக் காய்ச்சல் வந்தாயிற்று. இந்தத் தடவை கைவசம் இருந்தது ராஜா.

ராஜா ஒரு பல்லி. சுவர்ப் பல்லி இல்லை. பெங்களூரிலிருந்து கண்ணாடிப் பெட்டியோடு வாங்கிவந்த புள்ளிப் பல்லி. முதல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும், பொற்கொடி குழந்தையைக் குளிப்பாட்டுகிற நேரம் பார்த்து, ஃபிரிட்ஜில் இருக்கும் டப்பாவிலிருந்து புழுவை எடுத்து ராஜாவுக்குத் திணிப்பான். சாயங்காலம் அவள் புழு நீட்டினால் ராஜா விருந்து தின்று ஏப்பம் விட்டவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"பாத்தியா? நாலு நாளாச்சு. வாயில்லா ஜீவன் பட்டினி கெடக்குது, வளைகாப்பு கேக்குதா உனக்கு?"

"அது சாப்பிட்டா போலாமாங்க?"

"தாராளமா. நானே பஸ் ஏத்தி விடறேன்."

பொற்கொடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மசக்கையில நானும் ஒம்பது நாள் சாப்பிடல. நீங்க ஒரு வார்த்தை கேக்கலியே."

"உனக்குத்தான் வாயிருக்குதில்ல? கேட்டு வாங்கித் தின்னிருக்கணும்."

அவள் புழு டப்பாவை மூடி ஃபிரிட்ஜில் வைத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான்.

பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, இது வாலா, கேரட்டா?"

"நோவுல வந்த வீக்கம்க்கா" என்றான் முனிவேல் அவசரமாக.

திங்கட்கிழமை வீட்டில் அடுப்பு எரியவில்லை.

"ராஜாவுக்காக மலைக்கோயில்ல வேண்டிக்கிட்டேங்க. அது வாய் வெக்கிற வரைக்கும் வீட்ல அடுப்பு கெடயாது. வீட்டு ஆம்பளைக்கு ஊறவெச்ச பயறும் தண்ணியும்தான்."

"என்னைக் கேக்காமலா?"

"வாயில்லா ஜீவனுக்காகத்தானே?"

கம்பெனி கேன்டீன் எதற்கு இருக்கிறது என்று மனசுக்குள் சிரித்தான். மறுநாள் தட்டில் கை வைத்ததும் கூட வேலை பார்க்கும் மாதேஷ் பிடுங்கிக்கொண்டான். "அண்ணா, சாமி குத்தம் ஆயிரும். அண்ணி போன் பண்ணாங்க, பாத்துக்கச் சொல்லி." அவன் லைனில் வேலை பார்க்கிற அத்தனை பேரும் வந்து முனிவேலுக்குக் கும்பிடு போட்டார்கள்.

அன்றோடு திருட்டுப் புழுவை நிறுத்தினான். ராஜாவுக்கோ வயிறு திம்மென்று இருந்தது. செவ்வாய் தின்னவில்லை. புதன் தின்னவில்லை. முனிவேல் பெட்டி முன்னால் மண்டிபோட்டு, "டேய், ஒண்ணே ஒண்ணு தின்னுடா, என் சாமியில்ல" என்று கெஞ்சினான். பயறு நெஞ்சுவரை முளைத்துவிட்டது போலிருந்தது. பக்கத்து வீட்டில் ஜோதியம்மாளோடு உட்கார்ந்து பொற்கொடி சாப்பிடுகிற ரசத்தின் வாசம் சுவர் தாண்டி வந்தது.

வியாழன் சாயங்காலம் ராஜா லபக்கென்று ஒரு புழுவை விழுங்கியது.

"தின்னுட்டான்! சோறு வை!" என்று முனிவேல் கூவிக்கொண்டு ஓடினான்.

பொற்கொடி இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக வாசலில் நின்றாள். "பஸ் ஏத்தி விடறேன்னீங்களே."

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணகிரி பஸ் உறுமியது. ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "ராஜாவைப் பத்திக் கவலைப்படாதீங்க. இந்தப் பல்லிங்க தின்னதை வால்ல சேத்து வெக்குமாம், ஜோதியக்கா போன்ல படிச்சுக் காட்டினாங்க. நீங்க திருட்டுத்தனமா ஊட்டினது ஒரு மாசம் தாங்கும். நான் வர அவ்வளவு நாளாகும்."

"அப்ப என் சோத்துக்கு?"

பஸ் நகர்ந்தது.

"வாயிருக்குதில்ல? யாரையாவது கேட்டு வாங்கித் தின்னுங்க."