நிஷாவின் பரீட்சையில் நான் ஃபெயில்

இறங்க வேண்டிய இடம் வந்தாலும் பஸ்ஸில் மணியடிக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடந்து வருகிற ஆள் நான். என் வாயை நம்பி ஒரு பெண் பரீட்சைக்கு நின்றாள் என்றால் அவள் தலையெழுத்தைப் பாருங்கள்.

இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) ஏறி, கால் புண்ணோடு மலேசியாவில், கிள்ளானில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். மிஸி (நர்ஸ்) பயிற்சிக்கு வந்த மாணவி நிஷா, உடம்பைப் பார்த்துக்கொள்ளும் விதத்தை எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு டீச்சர் வந்து என்னைக் கேட்பார். நான் சரியாகச் சொன்னால் அவள் பாஸ்.

"போன தடவை ஃபெயில் ஆன்டி. இதுவும் போச்சுன்னா இன்னும் ஆறு மாசம் லா" என்றாள்.

பாவமாக இருந்தது. நான் படித்தது ஆறாம் வகுப்பு. அங்கே கற்றது ஒன்றுதான், பதில்களை வரிசையாக உருப்போடுவது. அவள் சொன்ன ஐந்தையும் போர்வைக்குள் முணுமுணுத்தேன். (நான் சாமி கும்பிடுகிறேன் என்று பக்கத்துக் கட்டில் அக்கா போன் சத்தத்தைக் குறைத்தார்.)

மறுநாள் டீச்சர் கேள்விகளைக் கடைசியிலிருந்து ஆரம்பித்தார். நானோ முதல் பதிலிலிருந்து.

"காலை எப்படிப் பாத்துக்குவீங்க?"

"சீனி போடாம குடிப்பேன்."

"மயக்கம் வந்தா?"

"ஒரு கைப்பிடி போதும், காய் நிறைய."

"ஊசி எங்க போடுவீங்க?"

"வயித்துல." (இது ஒன்று பொருந்திவிட்டது. நிஷாவுக்கு உயிர் வந்தது.)

"சோறு?"

"மிட்டாய் வாயில போட்டுக்குவேன்."

"தே தண்ணி?"

"விரல் இடுக்கெல்லாம் நல்லா துடைப்பேன்."

பக்கத்துக் கட்டில் அக்கா தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. "பேஷண்டுக்குச் சொல்லிக்கொடுத்தியா, கிளிக்கா? நாளைக்கு வரேன். அதான் கடைசி" என்றார் நிஷாவிடம்.

சாயந்திரம் நிஷா வீங்கிய கண்ணோடு வந்து உட்கார்ந்தாள். "இன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லித்தரல ஆன்டி. நீங்க சொல்லுங்க. வீட்டுல என்னதான் சாப்பிடுறீங்க?"

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. காலையில் குடிக்கும் தேயில் ஊற்றும் டின் பாலிலிருந்து, மருமகள் தூங்கியதும் தின்னும் கேசரி வரை கொட்டிவிட்டேன். எதை விடலாம், எதைக் குறைக்கலாம் என்று இருவரும் பேரம் பேசினோம். மறுநாள் டீச்சர் எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் பதில் வந்தது. நிறுத்தத்தான் தெரியவில்லை. "போதும்மா" என்று அவரே சொல்லி, நிஷாவைப் பாஸாக்கினார்.

பக்கத்துக் கட்டில் அக்கா சும்மா இருப்பாரா? பார்க்க வந்த என் மகனிடம் எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டார். இன்றைக்கும் மருமகள், "தே போடவா அத்தே?" என்றால், "அம்மா விரல் இடுக்கெல்லாம் துடைச்சாச்சு" என்பான் அவன். முன்பென்றால் முந்தானையில் முகத்தை மூடியிருப்பேன். இப்போது, "உன் தொப்பைக்கு நிஷா மிஸியைக் கூப்பிடவா?" என்று கேட்கிறேன்.

கையிலிருக்கும் கறிபாப் பலகாரத்தை மெதுவாகக் கீழே வைக்கிறான்.