கத்தரிக்காய் விலையும் லண்டன் கப்பலும்

மனப்பாடம் பண்ணத் தெரிந்தவனுக்குப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை என்று இளவயதில் நம்பியிருந்தேன். (வம்ச வியாதி. அப்பா திருவனந்தபுரம் கோட்டைக்குள் கோயில் முறைஜபத்துக்கு வேதம் ஓதுகிறவர். நடுவில் தடுக்கினால் முதலிலிருந்து தொடங்கு என்று குட்டிக் குட்டி வளர்த்தார்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், லண்டன் போய்ச் சர்வதேச அரசியல் படிக்க வேண்டும் என்று எனக்குக் கிறுக்குப் பிடித்தது. நானோ சமஸ்கிருத பி.ஏ. இடம் உண்டு, ஆனால் பொருளாதாரமும் தெரியும் என்று உள்ளூர்ப் பேராசிரியர் சோதித்துச் சான்று தரவேண்டும் என்று லண்டன் கல்லூரிக்காரர்கள் எழுதிவிட்டார்கள். கடல் தாண்ட அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்குள்ளேயே என் பிராணன் பாதி போயிருந்தது. அம்மா கப்பல் பிரயாணத்துக்கென்று முறுக்கு சுற்றத் தொடங்கியிருந்தாள்.

பொருளாதாரத் தடிப் புத்தகம் ஒன்றை வாங்கி, விடிகாலையில் அப்பாவின் வேத ஸ்வரத்திலேயே உரக்க ஓதினேன். தெருவில் போனவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டதாகக் கேள்வி.

"மனசிலாக்கிண்டுதான் படிக்கறயாடா, அர்த்தம் புரியறதா?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் தானா வரும். நீ சும்மா இரு!"

என்னைச் சோதித்த பேராசிரியர் குறுப்பு சார் சாதுவான மலையாளி. எங்கள் தெருக்காரர்களோடு பழகிய தமிழில் சுலபமாகவே ஆரம்பித்தார்.

"எடோ, சாலைக் கம்போளத்தில கத்தரிக்காய் விலை இரட்டிச்சா உன் அம்மா என்ன செய்யும்?"

கத்தரிக்காய் ஏழாம் அத்தியாயத்தில் இருந்தது. அங்கே போக எனக்கு ஒரே வழிதான் தெரியும். கண்ணை மூடி, "செல்வம் என்பது யாதெனில்..." என்று முதல் அத்தியாயத்தை எடுத்தேன்.

"அது வேண்டா. கத்தரிக்காய்!"

குறுக்கே பேசிவிட்டாரே! மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவர் நிறுத்தினார். நான் தொடங்கினேன். என் தலை ஸ்வரத்துக்கு ஏற்ப ஆட ஆரம்பித்துவிட்டது. ஐயோ, அதை நிறுத்தக்கூட என்னால் முடியவில்லை. மூன்றாம் அத்தியாயத்தைக்கூட எட்டவிடாமல் அந்த மனுஷர் என்னைக் கொன்றார்.

"மதி, மதி, போதும்!" என்று கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். "மோனே, நீ லண்டனுக்குப் போக வேண்டா. அவிடத்து ஆளுக நடுவில கேள்வி கேக்கும்."

சான்று கிடைக்கவில்லை. கப்பல் கிளம்பிய அன்று நான் வீட்டில் உட்கார்ந்து பிரயாணத்துக்குச் சுற்றிய முறுக்கைத் தின்றுகொண்டிருந்தேன். அழுகை அழுகையாக வந்தது. நடந்ததைச் சொன்னதும் அம்மா, "கத்தரிக்காய் விலை ஏறினா பூசணிக்காய் வாங்குவேன். இதைச் சொல்ல வாய் வரலையாடா உனக்கு?" என்றாள். பிறகு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா ஆனேன். நான் பார்த்த கடல் உள்ளூர்ச் சங்குமுகம் கடற்கரையோடு சரி.

இதை எழுதும்போதுகூட என் மனைவி வந்து, "காபி வேணுமா?" என்றாள்.

"அம்மா, நடுவுல கேக்காதே! அப்பாவோட கப்பல் போயிடும்!" என்று உள்ளேயிருந்து மகள் கத்தினாள்.

கப்பல் போய் எத்தனையோ காலமாயிற்று. காபியைக் கொண்டுவரச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்ததை எங்கே விட்டேன் என்று தெரியாமல், முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.