குதிரையைச் சோத்தாங்கைப் பக்கம் விட்டு...

எனக்கு வழி சொல்லத் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு எழுபது வயதாக வேண்டியிருந்தது. தெரியாமல் இருப்பது பெரிய குற்றமில்லை. தெரியாது என்று சொல்லாமல், கையை நீட்டி, "இப்படிப் போங்க" என்று அதிகாரமாகச் சொல்வதுதான் குற்றம். அந்தக் குற்றத்தை அரசாங்க ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு, மேலதிகாரியின் முன்னிலையில், ஒரே காலையில் மூன்று முறை செய்தவள் நான்.

அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டை அப்போது திருச்சி ஜில்லாவோடு இருந்தது. நான் ஒரு பிளாக் ஆபீசில் கிராம சேவிகா. ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி, மாதர் சங்கம் வைத்து, புகையில்லா அடுப்பு போடுவது, பிள்ளைகளுக்குப் பால் பவுடர் கரைப்பது, குழந்தை வளர்ப்பது என்று எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். (எனக்கு வயது இருபத்திரண்டு. ஒரு கைப்பிள்ளையை ஒழுங்காகத் தூக்கக்கூடத் தெரியாது. ஆறு பெற்றவர்களுக்குப் பிள்ளை வளர்ப்பு சொல்லிக்கொடுத்தேன். பாவம், பொறுத்துக்கொண்டார்கள்.)

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பொன்னமராவதியிலிருந்து அப்பா ஒரு கார்டு போட்டிருந்தார். தை பிறப்பதற்குள் வேலை நிரந்தரமானால் என் இஷ்டம். ஆகாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர வேண்டும், அத்தை மகன் காத்திருக்கிறார் என்று நாலே வரி. அத்தை மகன் தங்கமான மனிதர். ஆனால் அரிசி மில் வைத்திருந்தார். மில் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகி, வீட்டுக்குள்ளும் அதே குரலில்தான் பேசுவார். அவர் "தண்ணி குடு" என்றால் பக்கத்துத் தெருவில் ஒருத்தி செம்பை எடுப்பாள். ஆயுள் முழுக்க அந்தக் குரலுக்கு "என்னங்க" என்று பதில் சொல்வதை நினைத்தாலே எனக்குக் காது அடைத்தது.

இந்த நிலைமையில் திருச்சியிலிருந்து ரஞ்சிதம் அம்மாள் வருவதாகத் தகவல் வந்தது. பெண்கள் நலப் பணிகளை மேற்பார்வை பார்க்கும் அதிகாரி. நெரிஞ்சிப்பட்டியில் நான் வைத்திருந்த மாதர் சங்கத்தைப் பார்த்துவிட்டு அவர் என்ன ரிப்போர்ட் எழுதுகிறாரோ, அதுதான் என் தலையெழுத்து. வேலையா, மில்லா? பதினோரு மணிக்குக் கூட்டம்.

அது ஐப்பசி மாதம். மழை சரியான மழை. நெரிஞ்சிப்பட்டிக்கு நான் வழக்கமாகப் போகும் பாதையில் ஓடை குறுக்கிடும் இடம் முழுகிப் போய், இடுப்பளவு தண்ணீர் ஓடியது. இன்னொரு வழி காட்டுக்குள்ளே உண்டு. நான் போனதில்லை. முதல் நாள் சந்தைக்கு வந்திருந்த நல்லம்மாவைப் பிடித்தேன். எங்கள் சங்கத்தின் தலைவி அவள்தான்.

"காட்டு வழியிலயா வந்தீங்க? எப்படிங்க வந்தீங்க?"

"இது ஒரு வழியா சேவிகாம்மா? காட்டுக்குள்ள ஐயனாரு கோயிலு இருக்கு. பெரிய பெரிய மண்குதிரையா நிக்கும். குதிரைய சோத்தாங்கைப் பக்கம் விட்டுட்டு நடந்து வந்தேன். அம்புட்டுத்தேன்."

அம்புட்டுத்தேன்! நான் அன்று சாயங்காலமே ஒரு வரைபடம் தயாரித்துவிட்டேன். பயிற்சியில் வரைபடம் போடச் சொல்லித் தந்திருந்தார்கள். என்னுடையதுதான் நன்றாக இருக்கிறது என்று சுவரில்கூட மாட்டினார்கள். பச்சைப் பென்சிலில் காடு, சிவப்பில் பாதை, நடுவே ஒரு குதிரை. குதிரைக்கு வலது பக்கத்தில் "சோ.கை" என்று எழுதி அம்புக்குறி வேறு.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். ஜீப்பை ஓட்டியவர் மூக்கையா அண்ணன். திருக்கோகர்ணத்துக்காரர். யுத்தத்தின்போது பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். உத்தரவு வந்தால் செய்ய வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது என்பதில் அவர் உறுதியானவர். முன் சீட்டில் ரஞ்சிதம் அம்மாள். வெள்ளைப் புடவை, மூக்குக் கண்ணாடி, மடியில் கறுப்பு அட்டை போட்ட நோட்டு. பின்னால் பால் பவுடர் டப்பாக்களுக்கு நடுவே நான், கையில் வரைபடத்தோடு.

தார் ரோட்டை விட்டு இறங்கியதுமே ஜீப் ஆட ஆரம்பித்தது. செம்மண் குழைந்து கிடந்தது. மூக்கையா அண்ணன் ஏதோ ஒரு கம்பியை இழுத்து நாலு சக்கரத்தையும் இயங்கவிட்டார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே முன்னேறியது. இரண்டு பக்கமும் காரைச்செடியும் சூராமுள்ளும் உள்ளே கையை விட்டு எங்களைத் தடவிப் பார்த்தன. ஒரு முள் ரஞ்சிதம் அம்மாளின் கொண்டையைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. வண்டி போய்விட்டது, கொண்டையில் பாதி அங்கேயே நின்றது. (அதில் சவுரி இருந்தது என்பது எனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மூக்கையா அண்ணன் இறங்கிப் போய், பட்டாள மரியாதையோடு இரண்டு கையாலும் எடுத்துவந்து கொடுத்தார்.)

குதிரைகள் தெரிந்தன. என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. கோயிலைச் சுற்றி அடர்ந்த காடு. முன்னால் வரிசையாக மண்குதிரைகள். மூக்கையா அண்ணன் வண்டியை நிறுத்தி, இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டார். பிறகு ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"குதிரையைச் சோத்தாங்கைப் பக்கம் விட்டுப் போங்கண்ணே" என்றேன்.

"சரிங்கம்மா."

"இது என்ன கோயில்?" என்று ரஞ்சிதம் அம்மாள் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "மேலக்காட்டு ஐயனார், மேடம்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பாதை இன்னும் மோசம். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி, சுற்றிச் சுற்றிச் சேற்றை வாரி அடித்தது. மூக்கையா அண்ணன் தழையை ஒடித்துச் சக்கரத்துக்கு முன்னால் போட்டார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். வண்டி ஏறிவிட்டது. நான் மட்டும் இடுப்பு வரை செம்மண்ணாக நின்றேன். கொஞ்ச தூரத்தில் விறகுக் கட்டோடு ஒரு பெண் நின்று எங்களை வேடிக்கை பார்த்தாள். நான் கையசைத்தேன்.

அரை மணி நேரத்தில் மறுபடி குதிரைகள். இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஊர் ஐயனார் உண்டு, ஐயனாருக்கு ஐயனார் குதிரை உண்டு. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அடுத்த ஊர் எல்லை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மூக்கையா அண்ணன் இறங்கினார், செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார், ஏறினார், பார்த்தார்.

"அதே மாதிரிதாண்ணே. சோத்தாங்கைப் பக்கம்."

"சரிங்கம்மா." இந்தத் தடவை அவர் குரலில் ஒரு பக்தி சேர்ந்திருந்தது. நான் அதை என்மேல் வைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"இது?" என்றார் ரஞ்சிதம் அம்மாள்.

"கீழக்காட்டு ஐயனார், மேடம். இந்த ஊர்க் குதிரை கொஞ்சம் பருமன்." அதையும் எழுதிக்கொண்டார்.

கொஞ்ச தூரத்தில் பள்ளம் ஒன்று வந்தது. அதில் யாரோ ஏற்கெனவே தழை போட்டு வைத்திருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க மேடம், நாம வரப்போறோம்னு தெரிஞ்சு ஊர் ஜனங்களே சிரமதானமா பாதையைச் சரிபண்ணி வச்சிருக்காங்க!" என்றேன். ரஞ்சிதம் அம்மாள் என்னை ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் எழுதினார். பக்கத்தில் ஒரு விறகுக்காரி நின்றாள். இந்த ஊர் விறகுக்காரி எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஊருக்கு ஊர் பண்பாடு மாறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மணி பதினொன்றேகால். கூட்டம் ஆரம்பித்திருக்க வேண்டிய நேரம். கோயிலாக வருகிறதே தவிர ஊரைக் காணோம். வரைபடத்தை நேராகப் பிடித்துப் பார்த்தேன், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். எனக்குள் என்னென்னவோ குழம்பியது. நல்லம்மா ஒரு கோயில்தானே சொன்னாள்? ஒருவேளை மூன்றாவதைச் சொன்னாளோ? வழியில் இருப்பவை கணக்கில் இல்லையோ? ரஞ்சிதம் அம்மாளின் வெள்ளைப் புடவை காவியாகிக்கொண்டிருந்தது. எங்கோ தூரத்தில் அரிசி மில் ஓடும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. சாமி, எந்த ஊர்ச் சாமியானாலும் சரி, என் வேலையைக் காப்பாற்று என்று மனசுக்குள் கெஞ்ச ஆரம்பித்தேன்.

மூன்றாவது முறை குதிரைகள் தென்பட்டபோது அழுகை வந்துவிட்டது. "இதுவும் சோத்தாங்கைதாண்ணே" என்று தழுதழுத்தேன். "இது நடுக்காட்டு ஐயனார், மேடம்" என்று, அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன். இந்த முறை பள்ளத்தருகே விறகுக்காரி இல்லை. கட்டு மட்டும் கிடந்தது.

வண்டி திரும்பவும் குதிரைகளுக்கு முன்னால் வந்தபோது மூக்கையா அண்ணன் எஞ்சினையே அணைத்துவிட்டார். இறங்கிக் கும்பிட்டுவிட்டு, என் பக்கம் வந்து, பணிவாகக் குனிந்து கேட்டார்:

"அம்மா, மூணு ஆச்சு. போதுங்களா, இல்ல ஒம்பதா? ஒம்பதுன்னா பெட்ரோல் பத்தாதுங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதுண்ணே மூணு?"

"சுத்துங்கம்மா. கோயிலச் சுத்தி மூணு சுத்து ஆயிருச்சு."

அப்போதுதான் நான் குதிரையை நிமிர்ந்து பார்த்தேன். வரிசையில் முதலாவதாக நின்ற குதிரைக்கு ஒரு காது உடைந்திருந்தது. மேலக்காட்டுக் குதிரைக்கும் அதே காதுதான் உடைந்திருந்தது. கீழக்காட்டுக் குதிரைக்கும் அதேதான். கோயில் காட்டைச் சுற்றி, புதுக் குதிரையை ஊர்வலமாகத் தூக்கிவரும் பாதையில், சாமியை வலது கைப் பக்கம் வைத்து, நான் பிரதட்சிணம் செய்துகொண்டிருந்திருக்கிறேன். ஜீப்பில்!

ரஞ்சிதம் அம்மாள் நோட்டை மூடினார். "மூன்று போதும். எங்கள் பக்கத்திலும் மூன்றுதான்" என்றார் நிதானமாக. அவரும் இதை என் வேண்டுதல் என்றே நினைத்திருக்கிறார். வண்டியில் இருந்த மூன்று பேரில், எங்கே போகிறோம் என்று தெரியாதவள் நான் ஒருத்திதான்.

நான் வாய் திறப்பதற்குள் காடே அதிரும்படி குலவைச் சத்தம் கேட்டது. நல்லம்மா முன்னால் வர, பின்னால் நெரிஞ்சிப்பட்டிப் பெண்கள் அத்தனை பேரும் பிள்ளைகுட்டிகளோடு வந்துகொண்டிருந்தார்கள். விறகுக்காரி ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"சர்க்காரு வண்டியே வந்து எங்க சாமிய மூணு சுத்து சுத்துதுன்னு சொன்னா, நாங்க வீட்டுலயா ஒக்காந்திருப்போம்?" என்றாள் நல்லம்மா. "இம்புட்டு நாளும் எங்களுக்குப் புத்தி சொல்ல வந்த பொண்ணுன்னுதேன் நெனச்சோம். நம்ம பொண்ணுன்னு இன்னைக்குல்ல தெரியுது!"

என் கூட்டத்துக்கு அதுவரை பதினொரு பேருக்கு மேல் வந்ததில்லை. அன்றைக்கு அந்தக் கோயில் மரத்தடியிலேயே கூட்டம், உட்கார இடமில்லை. பால் பவுடரை நாயும் குடிக்காது என்று சொன்னவர்கள் எல்லோரும், பிரசாதம் மாதிரி கையேந்தி வாங்கினார்கள். ரஞ்சிதம் அம்மாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

நடுவில் நல்லம்மாவை ஓரமாக இழுத்துப் போனேன். "சோத்தாங்கைப் பக்கம்னு சொன்னீங்களே!"

"ஆமா. நான் ஊர்லேருந்து ரோட்டுக்கு வாரப்ப சோத்தாங்கை. நீங்க ரோட்டுலேருந்து வாரப்ப பீச்சாங்கைதானே?" என்று, தலை பின்னத் தெரியாத பெண்ணிடம் பேசுவது போல் சொன்னாள். இதற்குப் பயிற்சி, சுவரில் மாட்டிய வரைபடம், கலர் பென்சில்!

திரும்பும்போது ரஞ்சிதம் அம்மாள், "கோயிலைச் சுற்றியது உன் யோசனையா, ஊர்க்காரர்கள் சொன்னதா?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். மில் சத்தம் கேட்டது. மூடிக்கொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. என் தோளைத் தட்டினார்.

மார்கழியில் வேலை நிரந்தரமென்று உத்தரவு வந்தது. ரிப்போர்ட்டைப் பார்க்கும் பாக்கியமும் கிடைத்தது. "இந்தச் சேவிகா உள்ளூர் நம்பிக்கைகளை மதித்து மக்கள் மனத்தை வென்றிருக்கிறார். மக்கள் சிரமதானமாகப் பாதை அமைக்கிறார்கள். இங்குள்ள ஐயனாருக்கு மூன்று பெயர்கள்." இன்றைக்கும் ஏதோ ஒரு அரசாங்க பீரோவில் அந்த மூன்று பெயர்களும் பத்திரமாக இருக்கும். நெரிஞ்சிப்பட்டியில் ஒருவருக்கும் அவை தெரியாது.

உத்தரவை முதலில் மூக்கையா அண்ணனிடம்தான் காட்டினேன். அவரிடமாவது பொய் வேண்டாம் என்று நினைத்து, "வேண்டுதல் எல்லாம் இல்லண்ணே, வழி தெரியாமத்தான் சுத்தினேன்" என்றேன். "ஒரே இடத்தைச் சுத்துறோம்னு தெரிஞ்சதுமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"வேண்டுதல வெளியில சொல்லக் கூடாதுன்னு நான் கேக்கலீங்க. ஆனா அம்மா, சுத்தையில மனசுல எதுவுமே கேக்கலையா நீங்க?"

கேட்டேனே. மூன்று சுற்றிலும் இல்லாவிட்டாலும், கடைசிச் சுற்று முழுக்கக் கெஞ்சினேனே. மூக்கையா அண்ணன் உத்தரவைக் கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தார். "மூணுக்கே வேலை வந்துருச்சு. ஒம்பது சுத்தியிருந்தா கலெக்டராவே ஆயிருப்பீங்க" என்றார்.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அத்தை மகனுக்கு வேறு பெண் பார்த்தார்கள். அவளும் உரக்கப் பேசுகிறவள், நன்றாக இருக்கிறார்கள். நான் பிற்பாடு, பக்கத்தில் உட்கார்ந்தாலும் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டிய அளவுக்கு மெல்லப் பேசுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டேன். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னதுதான் நான் செய்த தவறு. பையனுக்குப் பரீட்சையில் இரண்டு மார்க் குறைந்தாலும், பாயசத்துக்கு வெல்லம் குறைந்தாலும், எங்கள் வீட்டில் ஒரே விளக்கம்தான்: பெட்ரோல் பத்தல.

நான் ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் மாலை போட்டார்கள். பேசியவர் ஒருவர், "அம்மா தம் திறமையால் மூன்று பதவி உயர்வு பெற்றவர். தகுதிக்கு இன்னும் மேலே போயிருக்க வேண்டும், ஏன் மூன்றோடு நின்றது என்று எங்களுக்குத் தெரியவில்லை" என்று வருத்தப்பட்டார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பக்கத்து நாற்காலியிலிருந்த என் கணவர், முகத்தை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"பெட்ரோல் பத்தல."