தவக்காலத்து டிரைவர்

அந்தச் செவ்வாய்க்கிழமை செல்வநாதன் ஒரு பெரிய முடிவு எடுத்தார். தன் மனைவியை ஒரு புனிதை ஆக்கிவிடுவது என்பதே அந்த முடிவு.

ஆனி ரோஸ் ஏற்கெனவே நல்லவள்தான். ஏலாக்குறிச்சியில் வீட்டோடு தையல் மிஷின் போட்டு, சுற்றுவட்டாரப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். ஞாயிறு பூசை தவறாதவள். குறை என்று சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. ஆனால் அவளிடம் ஒரு போன் இருந்தது, அதுதான் செல்வநாதனைத் தூங்கவிடாமல் செய்தது.

செல்வநாதன் திருமானூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். எதைக் கண்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும் அவருக்கு. மிக்ஸியைப் பார்த்திருக்கிறார். மின்விசிறியைப் பார்த்திருக்கிறார். மாமனார் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அதுவும் மாமனாரைப் போலவே அவரிடம் பேசுவதில்லை. செல்வநாதன் வீட்டில் எல்லாத் திருகாணிகளோடும் மிஞ்சியிருந்த ஒரே பொருள் தையல் மிஷின்தான். ஆனி ரோஸ் அதன் முன்னாலிருந்து எழுந்திருப்பதே இல்லை.

இந்த வருடம் அவர் பார்வை போன்கள் மேல் விழுந்தது. போன் திரையில் தெரிகிற ஒவ்வொரு புள்ளியையும் வரைவதற்கென்று உள்ளே ஒரு சில்லு, அதாவது சிப், இருக்கிறது. இன்ன இடத்தில் இன்ன நிறத்தை வை என்று அந்தச் சில்லுக்கு உத்தரவு போடுகிற மென்பொருளுக்குப் பெயர் கிராஃபிக்ஸ் டிரைவர். சில்லு செய்கிற கம்பெனி அதன் சூட்சுமத்தைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. ஆனால் எங்கெங்கோ இருக்கிற யார் யாரோ, சில்லுக்குள் என்ன போனால் என்ன வருகிறது என்று வருடக்கணக்கில் உற்றுப் பார்த்து, தாங்களாகவே ஒரு டிரைவரை எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டுவிட்டார்கள். எடுத்து, வீட்டு லேப்டாப்பிலேயே தொகுத்துக் கட்டி, கம்பெனி டிரைவரை இறக்கிவிட்டு நம்முடையதை ஏற்றலாமாம். இதைப் படித்த அன்று செல்வநாதனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவர் கல்யாணத்தன்று கூட அப்படிப் புல்லரித்ததாகத் தெரியவில்லை.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அந்த டிரைவர் ஒரு வகைச் சில்லோடு மட்டும்தான் ஒத்துப்போகும். கிறிஸ்துமஸுக்கு அவர் ஆசை ஆசையாக வாங்கிய புதுப் போனில் இருந்தது வேறு சில்லு. ஒத்துப்போகிற சில்லு ஆனி ரோஸின் பழைய போனில் இருந்தது.

இரண்டையும் மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. அதைக் கிறிஸ்துமஸ் அன்றே ஆனி ரோஸ் கேட்டாள். ரவிக்கை டிசைன்களைப் படம் எடுக்க அவளுக்கு நல்ல கேமரா தேவைப்பட்டது. "முடியாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இப்போதும் அவருக்கு மனசு வரவில்லை. புதுப் போனும் வேண்டும், பழைய போனும் வேண்டும். எப்படி என்று தலையைச் சொறிந்தபோதுதான் மறுநாள் திருநீற்றுப் புதன் என்பது ஞாபகம் வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் தவக்காலம் நாற்பது நாள். ஆளுக்கொரு ஒறுத்தல், அதாவது பிரியமான ஒன்றை விட்டுவிட வேண்டும். மேஜையில் கிடந்த ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, பாடக்குறிப்பு எழுதுகிற பழக்கத்தில், ஒன்று இரண்டு மூன்று என்று எண் போட்டுத் திட்டத்தை எழுதினார். பிறகு சீட்டை அங்கேயே போட்டுவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு தையல் மிஷினருகே போனார்.

"ரோஸு, இந்தத் தவக்காலத்துக்கு என்ன வுடப்போற?"

"கறி மீனத்தான். வருசா வருசம் வுடுறதுதானே."

"அத எல்லாரும்தான் வுடுறாங்க. மனசுக்கு நெருக்கமான ஒண்ண வுடணும். இந்தப் போன வுடேன்."

மிஷின் நின்றது. ஆனி ரோஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"போனையா? அதுலதான் இருவத்திமூணு பேரு ரவிக்கை அளவு இருக்கு. ஈஸ்டருக்குத் தச்சாவணும்."

"பத்திரமா எங்கிட்ட இருக்கும். நான் தொடக்கூட மாட்டேன்."

"எத்தன நாளு?"

"நாப்பது நாளு."

"நாப்பதுன்னா நாப்பதுதானே?"

"நாப்பதுன்னா நாப்பதுதான். ஒண்ணு கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

"சரிங்க. நாளைக்குத் தரேன். நீங்க என்ன வுடப்போறீங்க?"

இந்தக் கேள்வியைச் செல்வநாதன் எதிர்பார்க்கவில்லை. திட்டத்தில் இதற்கு எண் போடவில்லை.

"நானு... டீய வுட்டுடுறேன்."

"நீங்க டீய வுட்டா தலவலி எனக்குல்ல வரும். ஒண்ணு செய்யுங்க. 'முடியாது'ன்னு சொல்லுறத வுட்டுடுங்க. நான் எது கேட்டாலும் அந்தச் சொல்லு மட்டும் வரக்கூடாது."

சிரிப்பு வந்தது அவருக்கு. போனைக் கேட்டால் ஒரு வார்த்தையைக் கேட்கிறாளே பைத்தியக்காரி என்று நினைத்துக்கொண்டு சம்மதித்தார்.

புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு வந்து, ஆனி ரோஸ் போனைத் துடைத்துக் கையில் கொடுத்தாள். திரையைத் திறக்கிற எண்ணையும் சொன்னாள். அன்று சாயங்காலம் அவள் மிஷினில் உட்கார்ந்திருக்க, பின்னறையில் செல்வநாதன் லேப்டாப்பில் டிரைவரைக் கட்ட ஆரம்பித்தார். ஆயிரத்துச் சொச்சம் கோப்புகள். ஒவ்வொன்றாக முடிய முடியத் திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. லேப்டாப் நெல் மில் மாதிரி இரைந்தது. அரைமணி நேரத்தில் டிரைவர் தயார். அதைப் போனில் ஒரே ஒரு செயலிக்குள் மட்டும் ஏற்றிப் பார்த்தார்.

திரையில் ஒரு முக்கோணம் வந்தது. ஒரு முனை சிவப்பு, ஒரு முனை பச்சை, ஒரு முனை நீலம். நடுவில் மூன்றும் குழைந்து கிடந்தன. கரும்பலகையில் அவர் வரையாத முக்கோணமா? ஆனால் இது வேறு. கம்பெனி உத்தரவு இல்லாமல், முகம் தெரியாதவர்கள் எழுதி, அவர் வீட்டுப் பின்னறையில் கட்டி, அவருக்காக வந்து நின்ற முக்கோணம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுசனுக்கு அந்தப் புத்தி இருந்தால் மாமனார் வீட்டுக் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு செயலிக்கு மட்டும் என்ன, மொத்தப் போனுக்கும் இதையே டிரைவராக்கினால் என்ன என்று தோன்றிவிட்டது. அதற்குக் கம்பெனி போனுக்குள் போட்டு வைத்திருக்கிற பூட்டைத் திறக்க வேண்டும். வியாழக்கிழமை திறந்தார். சிவப்பு எழுத்தில் ஏதோ எச்சரிக்கை வந்தது. தேர்வுத்தாளில் மாணவர்கள் குறிப்பைப் படிக்காமல் விடை எழுதுகிறார்களே என்று வருடா வருடம் திட்டுகிறவர், படிக்காமலே 'சரி'யை அழுத்தினார். போன் அணைந்து எழுந்து, புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் 'வணக்கம், உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள்' என்றது.

படங்கள் இல்லை. எண்கள் இல்லை. இருபத்து மூன்று பெண்களின் ரவிக்கை அளவும் இல்லை.

செல்வநாதன் அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்; அதே வணக்கம்தான். எதைத் தொலைத்தாலும் திரும்பச் சேகரித்துவிடலாம். ஆனால் ஒரு வாத்தியார் வீடு வீடாகப் போய் எந்தப் பெண்ணிடம் ரவிக்கை அளவு கேட்பது? இப்படி அவர் தவித்துக்கொண்டிருந்தபோது வெளியிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, பரண்ல இருக்குற பெரிய அண்டாவ எறக்கித் தர முடியுங்களா?"

"மு..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லக்கூடாதா? இதோ வரேன்."

வெள்ளிக்கிழமைக்குள் அண்டா இறங்கியது, கிணற்றடி பாசி போனது, மிஷினுக்கு எண்ணெய் விழுந்தது. சாயங்காலம் ஆனி ரோஸ் கோயிலுக்குச் சிலுவைப் பாதை செபத்துக்குப் போன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. ஈஸ்டருக்குள் ஏதாவது வழி பிறக்கும், நாற்பது நாள் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டார். போனதுதான் போயிற்று, பார்க்க வந்ததையாவது பார்த்துவிடுவோம் என்று மொத்தப் போனுக்கும் டிரைவரை மாற்றினார். போன் ஒருமுறை அதிர்ந்தது. கம்பெனி முத்திரை வந்தது. அப்புறம் திரை கறுத்துவிட்டது. எதை அழுத்தியும் வெளுக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அவர் சட்டைப்பைக்குள் அது கணீரென்று அடித்தது. உயிர் இருக்கிறது, பார்வைதான் போய்விட்டது.

"என் போனு அடிக்குதே, எடுங்க," என்றாள் ஆனி ரோஸ்.

"அது ஒறுத்தல்ல இருக்கு. எடுக்கக்கூடாது."

"நான்தானே ஒறுத்தல்ல இருக்கேன்? போனுமா?"

"ஆமாம்மா. ரெண்டு பேரும்தான்."

பத்து மணி பஸ்ஸைப் பிடித்தார். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து அரியலூர் போய்ச் சேர்ந்து, போன் பழுது பார்க்கிற சரத்குமாரின் கடைக்குள் நுழைந்தார். சரத்குமார் கதையைக் கேட்டுக்கொண்டே போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், பூட்டத் தொறந்தா எல்லாம் அழிஞ்சிடும்னு செவப்பு எழுத்துல போட்டுருப்பானே?"

"போட்டுருந்தான்."

"படிக்கலியா?"

"அவசரத்துல இருந்தேன். அழிஞ்சத திருப்ப முடியுமா?"

"அது போனது போனதுதான் சார். திரைய வேணா வரவச்சிடலாம், மொத்த சாப்ட்வேரையும் புதுசா ஏத்தணும். வேல நெறைய கெடக்கு, வுட்டுட்டுப் போங்க. நாலு நாளு ஆவும்."

"நாப்பது நாளு கூட எடுத்துக்கப்பா. அவசரமே இல்ல," என்றார் செல்வநாதன் தாராளமாக.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, செல்வநாதன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். முகத்துக்கு நேரே ஒரு கை நீண்டது.

"என் போனக் குடுங்க."

"நாப்பது நாளு ஆவலியே?"

"ஞாயித்துக்கெழம அந்த நாப்பதுல வராதுங்க. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாளு, அன்னைக்கு ஒறுத்தல் கெடையாது. நடுவுல வர ஆறு ஞாயித்தயும் கழிச்சாத்தான் நாப்பது வரும். மறைக்கல்வி வகுப்புல பிள்ளைங்களுக்கு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

சொல்லித்தான் கொடுத்திருந்தார். வருடா வருடம், கரும்பலகையில் கழித்தல் கணக்காகவே போட்டுக் காட்டியிருந்தார். 

"போனு அரியலூர்ல இருக்கு."

"அரியலூருக்கு யாத்திர போயிருக்கா?"

இனி மறைத்துப் பயனில்லை. பூட்டு, சிவப்பு எழுத்து, கறுத்த திரை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு இருபத்து மூன்று ரவிக்கைகளுக்கு வந்தார். ஆனி ரோஸ் கோபப்படவில்லை. மிஷின் இழுப்பறையைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அதில் இருபத்து மூன்று அளவுகளும் வரிசையாக எழுதியிருந்தன. நோட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது.

"செவ்வாக்கெழமயே எழுதிட்டேன். படத்தையெல்லாம் வரதராசன்பேட்டையில எந் தங்கச்சிக்கு அனுப்பிட்டேன். அந்தச் சீட்டத் திருப்பிப் பாருங்க."

சீட்டின் முன்பக்கம் சின்னப்பிள்ளை அக்காவின் ரவிக்கை அளவு. பின்பக்கம் செல்வநாதனின் கையெழுத்து. 'ஒன்று: தவக்காலம் என்று சொல்லிப் போனை வாங்குவது. இரண்டு: டிரைவரைக் கட்டுவது. மூன்று: ரோஸுக்குத் தெரியாமல் மாற்றுவது.'

"மூணாவதத் தவிர எல்லாம் சரியா செஞ்சிருக்கீங்க," என்றாள் ஆனி ரோஸ். "ஓடுற பஸ்ஸுல டிரைவர எறக்கி வுட்டா வண்டி எங்கங்க போவும்? அது கெடக்கட்டும், ஏதாச்சும் தெரிஞ்சுதா அதுல?"

"ஒரு முக்கோணம் தெரிஞ்சுது, ரோஸு. மூணு கலர்ல. நடுவுல மூணும் சேந்து ஒரு கலரு. ரவிக்கத் துணியில கூட நீ அப்படிப் பாத்துருக்க மாட்ட."

"அப்படியா? அந்தப் போனு சரியாயி வந்ததும் எனக்கும் காட்டுங்க." அவள் முகத்தில் நிஜமாகவே ஆசை தெரிந்தது. "இனிமே அத நீங்களே வச்சுக்குங்க. தொறந்து பாருங்க, மூடிப் பாருங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒங்க புதுப் போன எனக்குத் தரீங்களா?"

செல்வநாதன் 'மு' வரைக்கும் வந்து நின்றார். தவக்காலம். அந்தச் சொல் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று சொன்ன அதே சொல்லை ஏன் அவள் தேடிப் பிடித்துக் கேட்டு வாங்கினாள் என்பது இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சட்டைப்பையில் புதுப் போனை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்போது சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. இயற்பியல் வாத்தியார் மூளை சும்மாவா?

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமதானே? ஞாயித்துக்கெழம ஒறுத்தல் கெடையாதுன்னு நீதானே சொன்ன?"

"ஆமாங்க."

"அப்ப எனக்கும் கெடையாது." நாலு நாளாக நாக்கில் அடக்கி வைத்திருந்ததை நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக ருசித்துச் சொன்னார். "முடியாது."

ஆனி ரோஸ் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. சிம்மை வெளியே எடுக்கிற குட்டி ஊசியை இழுப்பறையிலிருந்து எடுத்து, அவர் டீத் தம்ளருக்குப் பக்கத்தில் பதவிசாக வைத்தாள்.

"சரிங்க. நாளைக்குத் திங்கக்கெழமதானே, காலையில கேட்டுக்குறேன்."