வாரியத்தின் விளக்கு இறங்காது

வடசென்னைச் சிறுமுதலீட்டாளர் நலவாரியம் திருவொற்றியூரில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் இயங்கி வருகிறது. இயங்கி வருகிறது என்பது அலுவலகத் தமிழ். உண்மையில் அங்கே இயங்குவது மின்விசிறி மட்டும்தான்.

கொருக்குப்பேட்டையிலும் எம்.கே.பி. நகரிலும் டீக்கடைக்குப் பத்துப் பேர் செல்போனில் பங்கு விலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் காலம் இது. எந்தக் கம்பெனி, அது என்ன செய்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. விலை ஏறினால் தன் மூளை, இறங்கினால் எவனோ செய்த சதி. இந்த மகாஜனங்களை ஏமாற்றத்திலிருந்து காக்கும் பொருட்டு, பங்கு விலையை உடனுக்குடன் படமாக வரைந்து காட்டும் மென்பொருள் ஒன்றைத் தானே தயாரிப்பது என்று வாரியம் தீர்மானித்தது. அங்கே நான் மொழிபெயர்ப்பாளன். நடந்த கேடு எல்லாவற்றுக்கும் ஆரம்பம் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படத்தைச் செய்ய ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவள் ரூத். ராயபுரத்துப் பெண், எங்கள் தெருதான். அவள் அப்பா அருள்நாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணம் முழுவதையும், கடல்பாசியில் பிஸ்கட் செய்வதாகச் சொல்லும் ஒரு கம்பெனியின் பங்கில் போட்டிருந்தார். அவரைப் பார்த்துத் தெருவிலும் பலர் வாங்கியிருந்தார்கள். அந்த பிஸ்கட்டை அவர் கண்ணால் கண்டதில்லை. "எம் பொண்ணு போடுற படத்தப் பாத்துதான் விப்பேன்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதனாலேயே ரூத் அதை உயிரைக் கொடுத்துச் செய்தாள்.

நிமிடத்துக்கு ஒரு கட்டம். விலை ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. கட்டத்தின் மேலும் கீழும் திரி மாதிரி ஒரு கோடு. சந்தைக்காரர்கள் அதை 'கேண்டில்' என்பார்கள். அவளுடைய குறிப்பு தமிழாக்கத்துக்காக என்னிடம் வந்தது. நான் அகராதியை மதிப்பவன். 'மெழுகுவர்த்தி' என்று போட்டு அனுப்பினேன்.

உறுப்பினர் செயலர் லோகநாதன் கூட்டத்தைக் கூட்டினார்.

"அரசு அலுவலகத்தில் மெழுகுவர்த்தியா?"

"சார், அது வெறும் கட்டம்" என்றாள் ரூத்.

"பெயர் ரூத். ஊர் ராயபுரம். ஏற்றுவது மெழுகுவர்த்தி. நாளைக்கு ஒருவன் மனுப் போட்டால் யார் பதில் சொல்வது?"

"பேர மாத்திடலாம் சார்."

"தமிழாக்கம் ஒப்புதல் பெற்றுவிட்டது. இனி மாற்ற முடியாது. சமன் செய்யத்தான் முடியும்."

சமன் செய்தார்கள். திங்கள், செவ்வாய் குத்துவிளக்கு, புதன், வியாழன் மெழுகுவர்த்தி, வெள்ளி ஊதுபத்தி. புத்தருக்கு என்ன என்று கணக்குப் பிரிவு சித்தார்த் கேட்டார், அவர் வியாசர்பாடிக்காரர். சனிக்கிழமை ஒதுக்கப்பட்டது. அன்று சந்தை விடுமுறை.

செவ்வாய்க்கிழமை சோதனை ஓட்டம். விலை இறங்கியது. குத்துவிளக்கு சிவந்து கீழே போயிற்று. லோகநாதன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"செவ்வாயும் அதுவுமாய் விளக்கு இறங்குகிறதே!"

"வெல இறங்குது சார்."

"விலை இறங்கட்டும் அம்மா, யார் வேண்டாம் என்றது? விளக்கு ஏன் இறங்குகிறது? வாரியத்தின் விளக்கு ஏறும். அல்லது நிற்கும். மூன்றாவது நிலை கிடையாது."

"ஏறும்போது ஏறி, இறங்கும்போது நின்னா, மொத்தத்துல ஏறிக்கினே போவும் சார். அது பொய்."

"முன்னேற்றம் என்று சொல்லிப் பழகுங்கள்."

கடைசியில், படத்தின் அடியில் 'இது உண்மையான விலை அல்ல' என்று ஒரு வரியாவது போட அனுமதி கேட்டாள். பெருந்தன்மையுடன் கொடுத்தார்கள். ஆனால் 'அல்ல' என்ற சொல் வாரியத்துக்கு அழகல்ல என்று வரி என்னிடம் வந்தது. நான் திருத்திக் கொடுத்தேன்: 'இது மேம்படுத்தப்பட்ட விலை.'

மென்பொருள் வெளியான இரண்டே மாதத்தில், நூற்று நாற்பதில் இருந்த பிஸ்கட் பங்கு வாரியத்தின் படத்தில் முந்நூறைத் தாண்டியது. சந்தையில் அது தொண்ணூறு. ரூத் என்னைக் கையோடு தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அருள்நாதன் செல்போனும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தார்.

"நைனா, இன்னிக்கே வித்துடு. நெசமான வெல தொண்ணூறு. இன்னும் இறங்கும்."

"இன்னாம்மா பேஜாரு பண்ற? முந்நூறு கீதே! நீ போட்ட படந்தானே?"

"நான் போட்டதுதான். பொய்யி."

"கீழ இன்னா எழுதிக்கீது பாரு. மேம்படுத்தப்பட்ட விலை. கவர்மெண்டே மேம்படுத்தி வச்சிக்கீது, நீ இறக்குற."

ரூத் என் பக்கம் திரும்பினாள். "எழுதினவரு நீங்க. அர்த்தத்த நீங்களே சொல்லுங்க சார்."

வாரியத்தின் வாசகத்துக்கு ஊழியர் விளக்கம் தரக்கூடாது என்று விதி இருப்பதாகச் சொன்னேன். அப்படி ஒரு விதியும் இல்லை. வேலை போய்விடுமே என்ற பயம், அவ்வளவுதான். அருள்நாதன் எனக்குக் காபி கொடுக்கச் சொன்னார். வெட்கமில்லாமல் குடித்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ரூத் யாரையும் கேட்காமல் உண்மை விலையைத் திறந்துவிட்டாள். சிவப்புக் கட்டங்கள் வரிசையாகக் கீழே போயின. அந்த நிமிடம் விற்றிருந்தால்கூடப் போட்டதில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். ஒருவரும் விற்கவில்லை. விற்பதற்குப் பதில் ஆட்டோ பிடித்து வந்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் கிடங்கு வாசலில் நிற்க இடமில்லை.

"எவ அந்த இறக்குனவ?" என்று கத்தினார் எங்கள் தெரு ஸ்டானிஸ்லாஸ். "நேத்து முந்நூறு, இன்னிக்கு எம்பது! வூடு வூடா தீ வச்சிட்டா!"

லோகநாதன் படியில் வந்து நின்றார். தவறு தனிநபருடையது, வாரியத்துடையது அல்ல, ஒரு மணிக்குள் பழைய விலை மக்களுக்குத் திருப்பி வழங்கப்படும் என்று அறிவித்தார். அப்படி ஒரு கைதட்டலை அந்தக் கட்டடம் கேட்டதில்லை.

மனு தயாராயிற்று. தமிழைச் செப்பம் செய்தது நான்: 'பங்கு விலையை வேண்டுமென்றே உள்ளபடி காட்டி, பொதுமக்களுக்கு நட்டம் விளைவித்த ஒப்பந்தப் பணியாளரை உடனடியாக நீக்குக.' உடனுக்குடன் என்ற சொல்லுக்கு வாரியம் அன்றுதான் உண்மையாக இருந்தது. மாலைக்குள் நீக்கிவிட்டார்கள்.

முதல் கையெழுத்து அருள்நாதனுடையது. பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவளுக்கு வேற வேல கெடைக்கும் சார். எனக்கு வேற பணம் கெடைக்குமா?"

இப்போது சந்தையில் அந்தப் பங்கு ஆறு ரூபாய். வாரியத்தில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. அருள்நாதன் இன்னும் விற்கவில்லை, அறுநூறு வரட்டும் என்கிறார்.

மனுவில் ஏழாவது கையெழுத்து என்னுடையது. என்னிடமும் இருநூறு பங்கு இருக்கிறது.